அளவுச் சட்டை

மாஸ்டரம்மாவுக்கு அடுப்புப் பற்ற வைக்கத் தெரியாது என்று சொன்னால் தையல் கூடத்தில் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். அடுக்கி வைத்த துணியை ஒரே மூச்சில், ஓரம் பிசிறாமல் வெட்டித் தள்ளுகிற கை அது. பள்ளிச் சீருடை, ஆஸ்பத்திரி அங்கி, ஹோட்டல் சிப்பந்திகளின் கோட்டு என்று அந்தக் கூடத்திலிருந்து எது வெளியே போனாலும் முதல் கத்திரி அவளுடையதுதான். தைக்கிறவர்கள் தப்புச் செய்தால் பிரித்துத் தைக்கலாம். வெட்டுகிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது. அவளுக்கு முறைப்பும் அதட்டலும் வந்தது அதனால்தான். அவளிடம் எதிர்ப்பேச்சு பேசுகிற ஆள் இனிமேல்தான் பிறக்க வேண்டும் என்று பொத்தானுக்குக் காஜா எடுக்கிற பெண்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள்.

அப்படிப்பட்டவள், ஓய்வு பெறுகிற வயதை நெருங்கிக்கொண்டிருக்கும்போது, தன் வீட்டுச் சமையலறையிலேயே எந்தத் திருகைத் திருப்பினால் எந்த அடுப்பு எரியும் என்று தெரியாமல் நின்றாள். கையில் தீப்பெட்டி. கண்ணில் தண்ணீர். வெங்காயம்கூட இன்னும் நறுக்கவில்லை.

அந்த வீட்டில் இருந்தது இரண்டே பேர், மாஸ்டரம்மாவும் அவள் தங்கையும். தங்கைக்கு ஐம்பது தாண்டியும் வீட்டில் பெயர் குட்டிதான். அப்பா போன பிறகு அக்கா படிப்பை விட்டுவிட்டுத் தையல் கூடத்துக்குப் போனாள். தங்கை வீட்டைப் பிடித்துக்கொண்டாள். கடைசித் தம்பி படித்து, வேறு ஊரில் வேலை கிடைத்து, குடும்பஸ்தன் ஆனான். அக்கா தங்கை இருவருக்கும் கல்யாணப் பேச்சு வந்தது, போனது. அதை இப்போது கிளறுவானேன். அக்கா சம்பாதிப்பாள், தங்கை சமைப்பாள். யாரும் உட்கார்ந்து பேசி இதை முடிவு செய்யவில்லை. அதுவாக அமைந்து, அப்படியே நின்றுவிட்டது.

நடுவில் மாஸ்டரம்மாவுக்கு வயிற்றில் புண் வந்து ஆபரேஷன் வரை போனது. காரமும் புளிப்பும் இனிமேல் வயிற்றுக்குள் போகவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் மிளகாய் டப்பா அவள் கண்ணில் பட்டதில்லை. பருப்பு, காய், முட்டை எல்லாம் உப்போடு சரி. கொஞ்ச நாள் முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிட்டாள். பிறகு நாக்கு பழகிவிட்டது. பழகியதோடு நிற்கவில்லை, அதுதான் ருசி என்றே ஆகிவிட்டது. கூடத்தில் மற்றவர்கள் காரசாரமாக எதையாவது திறந்து வைத்தால் அவளுக்கு இருமல் பிடுங்கி எடுக்கும்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து கைகால் கழுவினால் தட்டு தயாராக இருக்கும். குட்டி எதிரே உட்கார்ந்துகொண்டு, கூடத்தில் யார் யாரோடு சண்டை, எந்த மிஷின் மக்கர் பண்ணியது என்று கதை கேட்பாள். சாப்பிட மாட்டாள்.

"நீ சாப்பிடல?"

"அப்புறமா சாப்பிட்டுக்கறேன்."

எத்தனையோ வருஷமாக இதே கேள்வி, இதே பதில். தனியாகச் சாப்பிடத்தான் அவளுக்குப் பிடிக்கும் போலிருக்கிறது என்று மாஸ்டரம்மா நினைத்துக்கொண்டாள். கை கழுவிவிட்டு முன்னறைக்குச் செய்தி பார்க்கப் போய்விடுவாள். அதற்கு மேல் அதைப் பற்றி அவள் யோசித்ததில்லை. யோசிக்கவும் யாரும் சொல்லவில்லை.

ஒரு காலையில், டிபன் பாக்ஸ் மூடியை அழுத்திக்கொண்டிருந்த குட்டியின் வலது கை நழுவியது. பாக்ஸ் உருண்டது, பருப்பு தரையெல்லாம் கொட்டியது. அதைத் துடைக்கக் குனிந்தவள் எழுந்திருக்கவில்லை. பக்கவாதம் என்றார்கள். ஆஸ்பத்திரியில் கிடந்து, சேமிப்பையெல்லாம் அங்கேயே கொட்டிவிட்டு வீட்டுக்கு வந்தபோது வலது கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. பேச்சு குழறியது. விழுங்குவதில் பிரச்சினை இல்லை, மசித்துக் கொடுங்கள், நன்றாகச் சாப்பிட்டால்தான் உடம்பு தேறும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

தம்பி வந்தான். கெட்டவன் இல்லை அவன். ஆனால் எதையும் கணக்குப் போட்டுப் பேசுகிற ஆள். கட்டிலில் படுத்திருந்த சின்னக்காவை வைத்துக்கொண்டே ஆரம்பித்தான்.

"பெரியக்கா, நீ வேலைக்குப் போற ஆளு. வெந்நீர்கூட வைக்கத் தெரியாது உனக்கு. எங்க ஊர்ல இந்த மாதிரி முடியாதவங்களைப் பார்த்துக்கற விடுதி ஒண்ணு இருக்கு. சுத்தமான இடம். நான் வாரத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்ப்பேன்."

குட்டியின் இடது கை மெல்ல நகர்ந்து கட்டில் சட்டத்தைப் பிடித்தது. விரல் வெளுத்துப் போகிற அளவுக்கு இறுக்கிப் பிடித்தது. மாஸ்டரம்மா அதைப் பார்த்துவிட்டாள்.

"அவ எங்கயும் போக மாட்டா. நான் அரைநாள் வேலை கேட்டு வாங்கிக்கறேன். நான் பார்த்துக்கறேன்."

"சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவ?"

"கத்துக்கறேன்."

தம்பிக்குச் சிரிப்பு வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான்.

"சரி. ஒரு மாசம் பார்ப்போம். ஆஸ்பத்திரி நர்ஸ் வாராவாரம் வீட்டுக்கு வந்து எடை பார்ப்பாங்க இல்ல? இதுக்கு மேல எடை இறங்கிச்சுன்னா நான் வந்து கூட்டிட்டுப் போயிடுவேன். அப்ப நீ குறுக்க நிக்கக் கூடாது."

மாஸ்டரம்மா சரி என்றாள். சொன்ன சொல்லை மாற்றுகிற வழக்கம் அவளிடம் இல்லை. அதனால்தான் அன்றிலிருந்து அவள் நாளை எண்ண ஆரம்பித்தாள்.

முதலில் ஹோட்டல் சாப்பாடு வாங்கிப் பார்த்தாள். எண்ணெய் மிதந்தது. இருந்த நிலைமைக்குக் கட்டுப்படியும் ஆகவில்லை. குட்டி ஒரு வாய் வாங்கிவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள். அதற்கப்புறம்தான் தீப்பெட்டியும் கண்ணீருமாக நின்ற அந்தக் காட்சி. நின்றவள் அதிக நேரம் நிற்கவில்லை, மாடிப்படி ஏறினாள்.

மாடியில் ஒரு பஸ் கண்டக்டர் குடியிருந்தான். மனைவிக்கு வேறு ஊரில் உத்தியோகம் என்பதால் மாதத்தில் பாதி நாள் தனி ஆள். காலை ஷிப்ட் முடிந்து மதியம் வந்தால் தானே பொங்கித் தானே சாப்பிடுவான். மாஸ்டரம்மாவைவிட ரொம்பச் சின்னவன். அவனிடம் போய் நிற்பதற்கு அவளுக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. கூச்சத்தை அதட்டலாக மாற்றிக்கொண்டாள்.

"ஏம்ப்பா கண்டக்டர், சோறு வைக்கத் தெரியுமா உனக்கு?"

"என்னக்கா இது, பசிக்குதா? உட்காருங்க, போடறேன்."

"சாப்பிட வரல. சொல்லிக்கொடு."

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். கிண்டல் பண்ண வாய் எடுத்தவன், கீழே படுத்திருக்கிறவளை நினைத்து அதை விழுங்கிக்கொண்டான். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு இறங்கி வந்தான்.

"என் சமையல் ரொம்ப சிம்பிள்க்கா. சாமான் கம்மி, பாத்திரம் கம்மி, அலட்டல் கம்மி. முதல்ல அரிசியைக் கழுவுங்க. தண்ணி ஊத்துங்க. அரிசிக்கு மேல விரலை நிக்க வைங்க. முதல் கணு வரைக்கும் தண்ணி இருந்தா போதும்."

மாஸ்டரம்மா விரலைப் பாத்திரத்துக்குள் விட்டவள் நிமிர்ந்தாள்.

"உன் விரலா, என் விரலா?"

"என்னது?"

"உன் விரல் நீளம். என் விரல் கட்டை. ரெண்டும் ஒரே அளவா இருக்குமா? யாரோட அளவுன்னு சொல்லு."

"அரிசிக்கு அதெல்லாம் தெரியாதுக்கா. ஏதோ ஒரு விரல்."

"அதெப்படி ஏதோ ஒரு விரல்? இப்படித்தான் நீ டிக்கெட்டும் கிழிக்கறியா?"

அவன் வாய்விட்டுச் சிரித்தான். உள்ளே கட்டிலிலிருந்தும் ஒரு சத்தம் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு குட்டி சிரிப்பது அதுதான் முதல் தடவை.

அன்றைக்குச் சோறு அடிப்பிடித்தது. மறுநாள் குழைந்து போனது. குட்டிக்கு மசித்துத்தானே கொடுக்க வேண்டும், குழைந்தது நல்லதற்கே என்று கண்டக்டர் தேற்றினான். பீன்ஸை நறுக்கச் சொன்னால் மாஸ்டரம்மா பழைய கத்திரி ஒன்றைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்து கத்தரிக்க ஆரம்பித்தாள். அத்தனை துண்டும் ஒரே நீளம். உருளைக்கிழங்கை வெட்டும் முன் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், துணி வீணாகாமல் எப்படிப் போட்டு வெட்டுவது என்று பார்க்கிற மாதிரி. ஒரு காய் நறுக்குவதற்குள் பருப்பு வெந்து, ஆறி, ஆடை கட்டிவிடும்.

"அக்கா, இது வயித்துக்குள்ள போற காய். யாரும் போட்டுட்டு நடக்கப் போறதில்ல."

"வாயை மூடிட்டு வேலையைப் பாரு" என்பாள். ஆனால் மறுநாள் கொஞ்சம் வேகம் கூடியிருக்கும்.

பாத்திரம் தேடும்போது, சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு சின்ன இரும்புச் சட்டி மாட்டியிருந்தது. உள்ளங்கை அகலம்தான். அடி கருகி, உள்ளே எண்ணெய் ஊறி வழவழவென்று இருந்தது. கண்டக்டர் எடுத்துப் பார்த்தான்.

"இது என்னக்கா? இதுல ரெண்டு பேருக்கு என்ன வேகும்?"

"தெரியலப்பா. ஏதோ பழசு. மாட்டிடு அங்கயே."

அவன் மாட்டிவிட்டான்.

வதக்குவது, வேக வைப்பது, உப்பை முதலில் குறைத்துப் போட்டுப் பிறகு கூட்டுவது எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. உப்பு விஷயம் மட்டும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. துணியைத் தாராளமாக வெட்டி வைத்தால் அப்புறம் பிடித்துத் தைத்துக்கொள்ளலாம், குறைவாக வெட்டிவிட்டால் போச்சு என்பது அவள் தொழில். இங்கே அது தலைகீழ் என்று புரிந்துகொண்டாள், அவ்வளவுதான். ஒரு நாள் கண்டக்டர், "பருப்புல ஒரு பச்சை மிளகாயைக் கீறிப் போட்டா கொஞ்சம் எடுப்பா இருக்கும்" என்றான்.

"எங்க வீட்டுல அந்தப் பேச்சே கிடையாது. எங்க நாக்கு வேற."

அவன் தோளைக் குலுக்கிவிட்டு அந்தப் பேச்சை விட்டுவிட்டான்.

இத்தனை செய்தும் குட்டி சாப்பிட்டால்தானே. இரண்டு கரண்டி வாங்குவாள், மூன்றாவதுக்கு உதட்டை மூடிக்கொள்வாள். முகத்தில் கோபம் இல்லை, பிடிவாதம் இல்லை, ஒரு அலுப்பு மட்டும் இருக்கும். நர்ஸ் வந்து கைகாலுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு, தாங்கிப் பிடித்து எடை மெஷினில் நிற்க வைத்தாள். இறங்கியிருந்தது. அடுத்த வாரமும் இறங்கியிருந்தது. நர்ஸ் உதட்டைப் பிதுக்கினாள். மாஸ்டரம்மாவுக்கு அந்த முள்ளைப் பார்க்கவே பயமாக இருந்தது. ஆயிரம் பேருக்கு அளவெடுத்தவள், தன் தங்கையின் இடுப்பு அளவு குறைந்துகொண்டே போவதை டேப் இல்லாமலே கண்டாள். இரவிக்கை தோளில் நிற்கவில்லை. பிடித்துத் தைக்கலாம் என்று ஊசியை எடுத்தாள். எடுத்தவளுக்குக் கை வரவில்லை. ஊசியைத் திரும்ப டப்பாவில் போட்டாள்.

யோசித்தாள். குட்டிக்குப் பிடிக்காமல் போவது ஏன்? தான் சமைப்பது அவள் சமைத்த மாதிரி இல்லை. வேறென்ன காரணம் இருக்க முடியும்?

தையல் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. தன் அளவு தெரியாதவர்கள், நேரில் வர முடியாதவர்கள், நன்றாகப் பொருந்துகிற பழைய சட்டை ஒன்றைக் கொடுத்து அனுப்புவார்கள். அதை விரித்துப் போட்டு, தோள், கை, நீளம் எல்லாம் அதைப் பார்த்தே வெட்டினால் புதுச் சட்டை அச்சாக அதே மாதிரி வரும். அளவுச் சட்டை என்று அதற்குப் பெயர். குட்டியால் வாய் திறந்து பக்குவம் சொல்ல முடியவில்லை. ஆனால் அவள் சமைத்ததை வருஷக்கணக்காகத் தின்ற நாக்கு இவளிடம் இருக்கிறது. அதைவிட வேறு அளவுச் சட்டை எதற்கு?

அதன் பிறகு அவள் வேலை செய்த விதம் வேறு. கண்ணை மூடிக்கொண்டு, டிபன் பாக்ஸைத் திறந்ததும் வருகிற வாசனையை நினைத்துப் பார்ப்பாள். பருப்பில் பூண்டு இருந்ததா? இருந்தது, ஆனால் கண்ணில் படாது. நசுக்கிப் போட்டிருக்க வேண்டும். வெங்காயம் சிவக்க வதங்கியிருந்ததா? இல்லை, வெளுப்பாக, இனிப்பாக இருந்தது. ஒரு தடவை உப்பு கூடிப் போனது, கொட்டிவிட்டு மறுபடியும் வைத்தாள். கண்டக்டர் தொந்தரவு பண்ணாமல் கதவோரம் நின்று பார்த்தான்.

பிறகு ஒரு மதியம், கரண்டியிலிருந்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அதேதான். ஓர் இழைகூட மாறவில்லை. குட்டி கையால் வைத்த பருப்பு.

"வந்துடுச்சு கண்டக்டர்" என்றாள். அவனும் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்தான். அவனுக்கு அது உப்பு போட்ட வெந்நீர் மாதிரிதான் இருந்திருக்கும். ஆனாலும், "சூப்பர்க்கா" என்றான். நல்ல மனசு.

சோற்றைக் குழைத்து, பருப்பை விட்டு, முட்டையை மசித்துப் போட்டு, தட்டை எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் போனாள். பரிசு வாங்கப் போகிற பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி இருந்தது அவள் நடை. குட்டி முதல் கரண்டியை வாங்கினாள். இரண்டாவதை வாங்கினாள். அக்காவின் முகத்தைப் பார்த்து, அவளுக்காகவே மூன்றாவதையும் வாங்கினாள். அப்புறம் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

மாஸ்டரம்மாவுக்கு அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொங்கிவிட்டது.

"என்னடி வேணும் உனக்கு? நீ எப்படி வைப்பியோ அப்படியே வச்சிருக்கேன். இதுக்கு மேல நான் என்ன பண்ணட்டும்? அந்த விடுதிக்குப் போகணும்னு இருந்தா சொல்லிடு. நான் எதுக்கு இந்தப் பாடு படணும்?"

சொல்லி முடிக்கும் முன்பே நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் சொன்னது சொன்னதுதான். குட்டியின் கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போனது. இடது கையைத் தூக்கிச் சமையலறைப் பக்கம் காட்டினாள். மாஸ்டரம்மா தண்ணீர் கொண்டு வந்தாள். குட்டி இல்லை என்று தலையாட்டினாள். உப்பைக் கொண்டு வந்தாள். அதுவும் இல்லை. குட்டி மறுபடியும் கையைத் தூக்கினாள், அக்காவையே கொஞ்ச நேரம் பார்த்தாள், எதையோ நினைத்துக்கொண்டு கையைக் கீழே போட்டுவிட்டாள். ஒன்றும் வேண்டாம் என்கிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்தத் தட்டில் மிச்சம் இருந்ததை மாஸ்டரம்மா சாப்பிட்டாள். ருசியாக இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

மறுநாள் காலையில் தெருமுனைக் காய்கறிக்கடைக்குப் போனாள். இதுவரைக்கும் கண்டக்டர்தான் டியூட்டி முடிந்து வரும்போது வாங்கி வந்து கொடுத்துக்கொண்டிருந்தான், அன்றைக்கு அதுவரை காத்திருக்க அவளுக்குப் பொறுக்கவில்லை. காய்கறிக்காரம்மா அவளை அடையாளம் கண்டுகொண்டாள்.

"சின்னவங்களுக்கு இப்ப எப்படி இருக்கு?"

"இருக்கா. சாப்பிடத்தான் மாட்டேங்கறா."

"அடப்பாவமே" என்று சொல்லிக்கொண்டே காய்கறிக்காரம்மா காரட்டையும் உருளைக்கிழங்கையும் நிறுத்துப் போட்டாள். பழக்கதோஷத்தில் கை தானாகப் போய் ஒரு பிடி பச்சை மிளகாயையும் ஓர் எலுமிச்சம்பழத்தையும் பைக்குள் தள்ளியது.

"இது எதுக்கு? எங்க வீட்டுல காரம் ஆகாது."

"உங்களுக்கு ஆகாது. அவங்களுக்கு இது இல்லாம சோறு இறங்காதே? வர்றப்பல்லாம் வாங்குவாங்க. சின்னதா, காரமா இருக்கறதாப் பார்த்து ஒண்ணொண்ணாப் பொறுக்குவாங்க. நான்கூடத் திட்டுவேன், தங்கம் வாங்கற மாதிரி பார்க்கறியேம்மான்னு." காய்கறிக்காரம்மா சிரித்தாள். "'அக்கா வேலைக்குப் போனதும் வதக்கி வச்சுக்குவேன், அவ இருந்தா நெடி தாங்க மாட்டா, வயிறு வேற புண்ணு'ன்னு சொல்வாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

மாஸ்டரம்மா பையை வாங்கிக்கொண்டு நடந்தாள். கொஞ்ச தூரம் போனதும் மூடியிருந்த ஒரு கடையின் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஒரே வீட்டில், ஒரே கூரைக்குக் கீழே, எதிரே எதிரே உட்கார்ந்து இத்தனை காலம். தன் தங்கைக்கு என்ன பிடிக்கும் என்று தனக்குத் தெரியவில்லை. கேட்டதும் இல்லை. நீ சாப்பிடல என்று கேட்டிருக்கிறாள், என்ன சாப்பிடுவாய் என்று கேட்டதில்லை. அந்தப் பருப்பு குட்டியின் ருசி இல்லை, குட்டி அக்காவுக்காக வைத்தது. தன் உடம்புக்கு வெட்டிய சட்டையை விரித்துப் போட்டுத் தங்கைக்கு அளவு பார்த்திருக்கிறாள். கூடத்தில் புதிதாக வந்த ஒருத்தி இந்தத் தப்பைச் செய்திருந்தால், இருக்கிற எல்லோர் முன்னாலும் நிற்க வைத்துக் கேட்டிருப்பாள். வெட்கமாக இருந்தது அவளுக்கு. வெட்கத்தைவிட வருத்தம் அதிகமாக இருந்தது. தெருவில் போகிறவர்கள் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல் அழுதாள்.

வீட்டுக்குள் நுழைந்தவள் நேராகச் சமையலறைக் கதவை இழுத்து, ஆணியிலிருந்து அந்தச் சின்னச் சட்டியை எடுத்தாள். மூக்கருகே கொண்டு போனாள். ஊறிப்போன காரத்தின் வாடை அதில் இன்னும் இருந்தது. இருமல் வந்தது. சட்டியோடு கட்டில் பக்கம் போய் நின்றாள்.

"இதுதானே நேத்து கேட்ட? ஏன்டி இத்தனை வருஷமா சொல்லல?"

குட்டி சட்டியைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். இழுத்த வாயின் நல்ல பக்கம் மட்டும் லேசாக விரிந்தது. திருடும்போது அகப்பட்ட குழந்தையின் சிரிப்பு அது. சட்டியை வைத்துவிடு என்று கையால் சைகை காட்டினாள், தன் நெஞ்சைத் தொட்டு இருமுவது போலச் செய்து காட்டி, அக்காவைச் சுட்டினாள்.

"எனக்கு ஒண்ணும் ஆகாது. நீ பேசாம இரு" என்றாள் மாஸ்டரம்மா.

நர்ஸுக்குப் போன் போட்டுக் கேட்டாள். கொடுக்கலாம், ஆனால் நன்றாக நசுக்கிக் கலந்து, கொஞ்சமாக ஆரம்பியுங்கள், உட்கார வைத்தே ஊட்டுங்கள் என்றாள் நர்ஸ். ஜன்னல்களைத் திறந்தாள். முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டாள். சட்டி காய்ந்து, எண்ணெய் காய்ந்து, மிளகாயைப் போட்டதுதான் தாமதம், நெடி வீடு முழுக்க ஏறியது. முதல் தடவை போட்டது கரியாகிவிட்டது. அதைக் கொட்டிவிட்டு இரண்டாவது தடவை தீயைத் தணித்து வைத்தாள். இருமி இருமிக் குடல் வாய்க்கு வந்துவிடும் போலிருந்தது. ஷிப்ட் முடிந்து படியேறிக்கொண்டிருந்த கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தான்.

"என்னக்கா, வீட்டைக் கொளுத்தறீங்களா? நீங்க தள்ளுங்க, நான் பார்த்துக்கறேன்."

"நீ தள்ளு. நான்தான் செய்யணும்."

அவன் தள்ளி நின்றான்.

வதங்கிய மிளகாயை உப்போடு வைத்து நசுக்கினாள். குழைந்த சோற்றில் பருப்பை விட்டு, அதில் ஒரு துளி சேர்த்து, எலுமிச்சையைப் பிழிந்து கலந்தாள். தட்டோடு திரும்பியபோது, கட்டிலில் குட்டியின் முகம் சமையலறைப் பக்கம் திரும்பியிருந்தது. மூக்கு விடைத்திருந்தது.

முதல் கரண்டி போனது. குட்டி கண்ணை மூடிக்கொண்டாள். வாய் மெல்ல அசைந்தது. கண்ணைத் திறக்காமலே அடுத்ததற்கு வாயைத் திறந்தாள். பத்தாது என்று சைகை காட்டினாள். மாஸ்டரம்மா இன்னும் ஒரு துளி சேர்த்தாள். போட்டுப் பார்த்துத் திருத்துகிற ட்ரையல் அவளுக்குப் புதிதா என்ன. குட்டிக்கு மூக்கு ஒழுகியது, கண் கலங்கியது, நெற்றியில் வேர்த்தது. நிறுத்தவே இல்லை. தட்டின் அடி தெரிந்தது.

அப்படி என்னதான் இருக்கிறது இதில் என்று மாஸ்டரம்மா ஓரத்தில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து வாய்க்குக் கொண்டு போனாள். பாதி வழியில் குட்டியின் இடது கை அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. தம்பி விடுதியைப் பற்றிப் பேசியபோது கட்டிலைப் பிடித்த அதே பிடி. கண்ணால் முறைத்தாள். மாஸ்டரம்மா அந்த விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். பெரிய அதட்டல்காரிதான், அன்றைக்கு எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை.

அதற்கப்புறம் அந்த வீட்டில் இரண்டு அடுப்பும் எரிந்தன. ஒன்றில் எப்போதும் போலப் பருப்பு, இன்னொன்றில் அந்தச் சின்னச் சட்டி. ருசி பார்க்கக் கூடாது என்று உத்தரவாகிவிட்டதால், குட்டியின் முகத்தைப் பார்த்தே கூட்டவும் குறைக்கவும் மாஸ்டரம்மா கற்றுக்கொண்டாள்.

சொன்ன நாளில் தம்பி வந்தான். கையில் பெரிய பை ஒன்று இருந்தது. அது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. நர்ஸும் வந்து எடை பார்த்தாள். முள் ஆடி நின்றது.

"போன தடவையைவிட ஏறியிருக்கு. கொஞ்சம்தான். ஆனா ஏறியிருக்கு."

"கொஞ்சம்தானே" என்றான் தம்பி. "இன்னிக்குச் சாப்பிடுவாங்க, நாளைக்கு மாட்டாங்க. பெரியக்கா, உனக்கும் வயசாகுது. எத்தனை நாளைக்கு இப்படி ஓடுவ? நல்லா யோசிச்சுச் சொல்லு."

அவன் சொல்வதிலும் நியாயம் இருந்தது. மாஸ்டரம்மாவுக்கு வாதாடத் தெரியவில்லை. சாப்பாட்டு வேளை ஆகிவிட்டது என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஜன்னலைத் திறந்தாள், மூக்கைக் கட்டினாள், சட்டியை வைத்தாள். நெடி முன்னறைக்கு வந்ததும் தம்பி தும்மிக்கொண்டே எழுந்து வந்து கதவோரம் நின்றான். காரம் ஆகாத அக்கா, கண்ணில் நீர் வழிய மிளகாய் வதக்குவதைப் பார்த்தான்.

குட்டியை உட்கார வைத்து, தலையணையை முட்டுக் கொடுத்து, தட்டை மடியில் வைத்தாள். இப்போதெல்லாம் குட்டி இடது கையில் தானே கரண்டி பிடிக்கிறாள், பாதி சிந்தும், பாதி உள்ளே போகும். மாஸ்டரம்மா எதிரே உட்கார்ந்துகொண்டு, கூடத்தில் புதிய கத்திரி வந்திருப்பதையும், அதை யாரும் தொடக் கூடாது என்று தான் போட்ட சட்டத்தையும் சொல்லிக்கொண்டிருந்தாள். பாதிக் கதையில் குட்டி கரண்டியை இறக்கினாள். ஏதோ சொல்ல வாயைக் கூட்டினாள். வார்த்தைகள் ஒவ்வொன்றாக, கல்லைப் புரட்டுகிற மாதிரி வந்தன. ஆனால் தெளிவாக வந்தன.

"நீ... சாப்பிடல?"

மாஸ்டரம்மாவின் வாய் தானாகத் திறந்தது. அப்புறமா சாப்பிட்டுக்கறேன் என்றுதான் வரப் பார்த்தது. நாக்கு நுனி வரை வந்த அந்த வார்த்தை அங்கேயே நின்றது. யாருடைய வார்த்தை அது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

எழுந்து போய், தனக்குத் தட்டு எடுத்து, காரமில்லாத பருப்பையும் சோற்றையும் போட்டுக்கொண்டு வந்தாள். கட்டிலை ஒட்டி உட்கார்ந்தாள். இருவரும் சாப்பிட ஆரம்பித்தார்கள். அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சாப்பிட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று இருவருக்குமே நினைவில்லை.

கதவோரம் நின்றிருந்த தம்பி, கொண்டு வந்த பையைக் காலால் மெல்லச் சுவர் ஓரமாகத் தள்ளிவிட்டு, தனக்கும் ஒரு தட்டு எடுக்க உள்ளே போனான்.